விலாசம் மாறுகிறது, ஆபீசுகள் தயாரா?

1983-ம் வருஷம் ஜனவரி 1-ந் தேதி. அமெரிக்காவில் ஊரெல்லாம் புத்தாண்டுக் கொண்டாட்டம். ஆனால் சில சர்வகலாசாலைகளிலும் ராணுவ ஆராய்ச்சிக் கூடங்களிலும் கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கிறவர்கள் அந்த இரவை வீட்டில் கழிக்கவில்லை. யந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து கழித்தார்கள்.

என்ன அவசரம் என்கிறீர்களா? அன்றிலிருந்து அவர்களுடைய கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசும் முறை மாறுகிறது. பழைய முறைக்கு என்.சி.பி. என்று பெயர். புதிய முறை டி.சி.பி./ஐ.பி. அமெரிக்க ராணுவ இலாகாவின் பணத்தில் ஓடிய ஆர்ப்பாநெட் என்ற இணைப்பில் அப்போது சுமார் 400 கம்ப்யூட்டர்கள் இருந்தன. புது முறையைக் கற்றுக்கொள்ளாத கம்ப்யூட்டர் அன்று முதல் ஊமை. யாரோடும் பேச முடியாது.

மாற்றம் முடிந்த பிறகு, "டி.சி.பி./ஐ.பி. மாற்றத்தில் நான் தப்பிப் பிழைத்தேன்" என்ற பொருளில் ஒரு பட்டன் பாட்ஜ் அடித்து விநியோகித்தார்கள். பட்ட பாடு அப்படி!

இன்று உலகம் முழுவதும் ஓடும் இன்டர்நெட்டுக்கு அந்த நாளைத்தான் பலர் பிறந்த நாளாகச் சொல்கிறார்கள்.

ஒத்திகை பார்த்த தாடிக்காரர்

மாற்றம் ஓர் இரவில் நடந்தது. ஆனால் அதற்கான ஆயத்தம் ஒரு வருஷத்துக்கு மேல் நடந்தது. இந்தக் கதையில் இதுதான் முக்கியம்.

கலிபோர்னியாவில் ஜான் போஸ்டல் என்று ஒருவர் இருந்தார். நீண்ட தாடிக்காரர். 1981 நவம்பரிலேயே மாற்றத் திட்டத்தை எழுதி எல்லோருக்கும் அனுப்பிவிட்டார். 1982 முழுவதும் இரண்டு முறைகளும் சேர்ந்து ஓடலாம். 1983 பிறந்தால் பழையது கிடையாது. இதுதான் திட்டம்.

கடிதம் வந்தவுடன் எல்லோரும் எழுந்து ஓடிவிடுவார்களா? எந்த ஊர் ஆபீசானாலும் சுற்றறிக்கையின் கதி ஒன்றுதான். பல ஸ்தாபனங்கள் அதைப் படித்து மடித்து வைத்துவிட்டன. ஆகவே 1982-ம் வருஷ நடுவில் ஒரு நாள் பழைய முறையை வேண்டுமென்றே நிறுத்தினார்கள். புது முறைக்கு மாறியிருந்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. மற்ற இடங்களில் ஒரே கூச்சல்.

அப்போதும் சிலர் நம்பவில்லை. "சும்மா பயமுறுத்துகிறார்கள்" என்றிருந்தார்கள். இலையுதிர் காலத்தில் மறுபடியும் நிறுத்தினார்கள். இந்தத் தடவை இரண்டு நாள்! அதன் பிறகுதான் பலருக்கு உறைத்தது.

லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிபோர்னியா சர்வகலாசாலையில் ஓர் ஆராய்ச்சியாளர் வாரந்தோறும் கணக்கெடுத்து, 'யார் டி.சி.பி. பேசுகிறார்?' என்ற தலைப்பில் பட்டியல் வெளியிட்டார். எந்தக் கம்ப்யூட்டர் பதில் சொன்னது, எது மௌனம் சாதித்தது என்று பெயர் போட்டு எழுதியிருந்தது. நாலு பேர் பார்க்கும் பட்டியலில் தன் பெயருக்கு நேரே வெற்றிடம் இருப்பதை எந்த ஸ்தாபனம் விரும்பும்? இவ்வளவும் செய்தும், சிலருக்குக் கெடு தாண்டிச் சில மாதம் பிடித்தது.

429 கோடி போதாதா?

அன்று புதிதாக வந்த முறைதான் இன்று பழைய முறை. ஐ.பி. நான்காம் பதிப்பு என்று அதற்குப் பெயர். இன்டர்நெட்டில் சேரும் ஒவ்வொரு யந்திரத்துக்கும் ஒரு விலாசம் வேண்டும். தபால்காரருக்குக் கதவு எண் வேண்டும் அல்லவா, அதுபோல. நான்காம் பதிப்பில் உள்ள மொத்த விலாசங்கள் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296. அதற்கு மேல் ஒன்று கூடக் கிடையாது.

இந்த அளவை 1977-ல் நிர்ணயித்தவர் வின்ட் செர்ஃப். அப்போது அவர் அமெரிக்க ராணுவ ஆராய்ச்சி ஸ்தாபனத்தில் இருந்தார். ஒரு பரிசோதனைக்கு இவ்வளவு போதும் என்று நினைத்ததாகப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். பரிசோதனை முடியவே இல்லை, அதுவே உலகமாகிவிட்டது. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு மனிதனின் சட்டைப் பையில் ஒன்று, மேஜையில் ஒன்று, மணிக்கட்டில் ஒன்று என்று கம்ப்யூட்டர் வரும் என அன்று யார் கண்டார்கள்?

ஆரம்பத்தில் விலாசங்களை வாரி வழங்கினார்கள். எம்.ஐ.டி. என்ற ஒரே சர்வகலாசாலைக்கு 1 கோடியே 67 லட்சம்! ஃபோர்டு மோட்டார் கம்பெனிக்கும் அதே அளவு. பந்திக்கு முந்தியவர்களுக்கு இலை நிறைய விழுந்தது. பிந்தியவர்கள்? 2011 பிப்ரவரி 3-ந் தேதி உலகப் பொதுக் களஞ்சியத்தில் கடைசியாக இருந்த 5 பெரிய கட்டுகளை 5 பிராந்தியங்களுக்குப் பிரித்துக் கொடுத்து முடித்தார்கள். ஆசியப் பிராந்தியத்தின் கையிருப்பு அதே வருஷம் ஏப்ரல் 15-ல் கடைசிக் கட்டுக்கு வந்தது. அன்று முதல் அந்தக் கட்டிலிருந்து ஒரு ஸ்தாபனத்துக்கு 1,024 விலாசம்தான் என்று ரேஷன் போட்டார்கள். 2019-ல் அதையும் 512 ஆகக் குறைத்தார்கள்.

ரேஷன் வந்தால் பின்னாலேயே சந்தையும் வரும். 2011-ல் திவாலான நார்டெல் கம்பெனியிடமிருந்து 6,66,624 விலாசங்களை மைக்ரோசாஃப்ட் 75 லட்சம் டாலருக்கு வாங்கியது. விலாசம் ஒன்று 11 டாலர் 25 சென்ட். பத்து வருஷத்தில் அந்த விலை 50 டாலரைத் தாண்டியது, பிறகு இறங்கியது. எம்.ஐ.டி. தன்னிடம் சும்மா கிடந்ததில் பெரும் பகுதியை விற்கப்போவதாக 2017-ல் அறிவித்தது. 2024 பிப்ரவரி 1 முதல், அமேசான் கம்பெனி தன் கம்ப்யூட்டர்களை வாடகைக்கு எடுப்போரிடம் பழைய விலாசம் ஒவ்வொன்றுக்கும் மணிக்கு அரை சென்ட் வசூலிக்கத் தொடங்கியது. அற்பத் தொகைதான். ஆனால் வருஷக் கணக்குப் போட்டால் ஒரு விலாசத்துக்குச் சுமார் 44 டாலர் ஆகிறது.

ஒண்டிக் குடித்தனம்

விலாசம் தீர்ந்தும் இன்டர்நெட் நிற்கவில்லையே, எப்படி?

சென்னை, மதுரையில் ஒண்டிக் குடித்தனத்தில் இருந்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். வாசலில் ஒரே கதவு எண். உள்ளே பத்துக் குடும்பம். தபால்காரர் வாசலோடு போய்விடுவார். யாருக்கு எந்தக் கடிதம் என்று பிரித்துக் கொடுக்க உள்ளே ஓர் ஆள். இன்டர்நெட்டிலும் 1994 முதல் இந்த ஏற்பாடு நடக்கிறது. ஓர் ஆபீஸ் முழுவதும் ஒரே விலாசத்தின் பின்னால் இருக்கிறது. இப்போது டெலிபோன் கம்பெனிகள் ஓர் ஊரையே ஒரு கதவு எண்ணின் பின்னால் குடிவைக்கின்றன.

இதில் கஷ்டம் என்னவென்றால், ஒரு குடித்தனக்காரர் செய்த வம்புக்கு எல்லோரும் பதில் சொல்ல வேண்டும். அந்த விலாசத்திலிருந்து யாரோ ஒருவர் மோசடிக் கடிதம் அனுப்பினால், எதிர்ப்புறம் உள்ள ஸ்தாபனம் அந்த விலாசத்தையே தடுக்கிறது. குற்றமற்ற நூற்றுக்கணக்கானோருக்குக் கதவு சாத்தப்படுகிறது. போலீசார் விசாரணைக்கு வந்தால் வெறும் விலாசம் போதாது. எந்த நொடி, எந்த உள்வழி என்று டெலிபோன் கம்பெனியின் பிரம்மாண்டமான பதிவேட்டைப் புரட்ட வேண்டும். பாங்கு ஒன்றின் காவல் யந்திரம், ஒரே விலாசத்திலிருந்து ஆயிரம் பேர் உள்ளே வருவதைக் கண்டால் கொள்ளைக்காரர் கூட்டம் என்று நினைத்துவிடக்கூடும். வந்தவர்கள் சம்பளப் பணம் வந்ததா என்று பார்க்க வந்தவர்களாக இருப்பார்கள்!

நாள் குறிக்க ஆள் இல்லை

இதற்கெல்லாம் மருந்தாகத்தான் ஐ.பி. ஆறாம் பதிப்பு வந்தது. அதன் முதல் விதிமுறை 1995 டிசம்பரில் வெளியாயிற்று. (ஐந்து எங்கே போயிற்று? அந்த எண்ணை ஏற்கெனவே வேறொரு பரிசோதனைக்குக் கொடுத்திருந்தார்கள்.) ஆறாம் பதிப்பில் எத்தனை விலாசம் என்று எழுத 39 இலக்கங்கள் வேண்டும். பஞ்சம் என்ற பேச்சே இல்லை.

ஆனால் ஒரு சிக்கல். நான்காம் பதிப்பு மட்டும் தெரிந்த யந்திரமும் ஆறாம் பதிப்பு மட்டும் தெரிந்த யந்திரமும் நேரடியாகப் பேசிக்கொள்ள முடியாது. நடுவில் மொழிபெயர்ப்பாளர் வேண்டும். அல்லது ஒவ்வொரு யந்திரமும் இரண்டு பாஷையும் கற்க வேண்டும்.

1983-ல் 400 கம்ப்யூட்டர்கள். பணம் கொடுத்தவர் ஒருவர். ஸ்விட்சும் அவர் கையில். இன்று கோடானுகோடி யந்திரங்கள், எண்ணற்ற கம்பெனிகள், நூற்றுக்கணக்கான சர்க்கார்கள். 'நாளை முதல் பழையது செல்லாது' என்று யார் சொல்வது?

ஒத்திகை மட்டும் நடந்தது. 2011 ஜூன் 8-ந் தேதி கூகிள், ஃபேஸ்புக், யாஹூ முதலிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட தளங்கள் ஒரு நாள் முழுவதும் ஆறாம் பதிப்பையும் திறந்து வைத்துப் பார்த்தன. பெரிய விபரீதம் எதுவும் நடக்கவில்லை. அடுத்த வருஷம் ஜூன் 6-ல் பல தளங்கள் அதை நிரந்தரமாகவே திறந்துவிட்டன. ஆனால் அன்றும் பழையதை யாரும் மூடவில்லை.

சர்க்கார்கள் கெடு வைத்துப் பார்த்தன. கெடுவுக்குத்தான் எத்தனை உயிர்! அமெரிக்கா 2008 ஜூன் என்று ஒரு கெடு வைத்தது. பிறகு 2012, பிறகு 2014. 2020-ல் பிறப்பித்த உத்தரவில், 2025 நிதியாண்டு முடிவதற்குள் மத்திய சர்க்கார் யந்திரங்களில் 100-க்கு 80 ஆறாம் பதிப்பில் மட்டுமே இயங்க வேண்டும் என்றது. இந்தியாவும் சளைக்கவில்லை. 2010-ல் தொலைத்தொடர்பு இலாகா வெளியிட்ட திட்டம் 2012 மார்ச்சுக்குள் சர்க்கார் ஆபீசுகள் ஆறாம் பதிப்பைப் பயன்படுத்தத் தொடங்க வேண்டும் என்றது. 2013-ல் வந்த திட்டம் 2017 டிசம்பருக்குள் முடிக்க வேண்டும் என்றது. பிறகு 2022 என்று ஒரு கெடு.

1957 ஏப்ரல் 1-ல் நயா பைசா வந்தபோதும் நம் நாட்டில் சில வருஷம் அணாவும் பைசாவும் சேர்ந்தே புழங்கின. கடைக்காரர் பட்டியலைப் பார்த்துக் கணக்குச் சொல்வார். ஓர் அணாவுக்கு ஆறேகால் நயா பைசா. அந்தக் கால் யாருக்கு என்று சண்டை! ஆனாலும் அணாவை வாபஸ் வாங்க ஒரு ரிசர்வ் பாங்கு இருந்தது. இன்டர்நெட்டுக்கு ரிசர்வ் பாங்கு இல்லை. ஆகவே ஒவ்வொரு ஸ்தாபனமும் தன் கெடுவைத் தானே வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பதினைந்து எழுத்துக் கட்டம்

இருபது கிளைகள் உள்ள ஒரு கூட்டுறவு பாங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அது எப்படித் தயாராவது?

முதல் வேலை, பீரோவைத் திறந்து கணக்கெடுப்பது. கம்ப்யூட்டர் எத்தனை, ரவுட்டர் எத்தனை என்பது எல்லோருக்கும் தெரியும். வாசலில் உள்ள கேமரா? சிப்பந்திகள் விரல் வைத்துக் கையெழுத்துப் போடும் யந்திரம்? பழைய பிரிண்டர்? ஏ.டி.எம்.? இவற்றுக்கெல்லாம் விலாசம் உண்டு. சிலவற்றைச் செய்த கம்பெனியே இப்போது இருக்காது. தலைமை ஆபீஸ் ரவுட்டர் தயாராக இருக்கும். மூலையில் இருக்கும் வருகைப் பதிவு யந்திரம் புது பாஷை தெரியாமல் விழிக்கும். இந்தக் கணக்கெடுப்புக்குப் பணம் அதிகம் வேண்டாம். பொறுமை வேண்டும்.

அடுத்தது புரோகிராம்கள். இங்கேதான் பலர் இடறுகிறார்கள். பழைய விலாசத்தை எழுத அதிக பட்சம் 15 எழுத்து போதும். இருபது வருஷத்துக்கு முன் கணக்குப் புரோகிராம் எழுதியவர் சரியாக 15 கட்டம்தான் விட்டிருப்பார். புது விலாசம் 39 எழுத்து வரை நீளும். மீதி எங்கே போகும்? சில புரோகிராம் வாலை வெட்டிவிடும். சில மயங்கி விழுந்துவிடும். போதாததற்கு, ஒரே விலாசத்தைச் சுருக்கியும் விரித்தும் எழுதலாம். நடுவில் உள்ள பூஜ்யங்களை விட்டுவிடலாம். மோசடிக்காரர் பட்டியலில் ஒரு விதமாகவும், வருகைப் பதிவில் வேறு விதமாகவும் எழுதியிருந்தால் இரண்டும் ஒருவரே என்று யந்திரத்துக்குத் தெரியாது.

பிறகு காவல். 'நாங்கள் இன்னும் ஆறாம் பதிப்புக்கு மாறவில்லை, ஆகவே எங்களுக்கு ஆபத்து இல்லை' என்று சொல்லும் அதிகாரிகள் உண்டு. இது தவறு. 2007-ல் வந்த விண்டோஸ் விஸ்டா முதற்கொண்டு மேஜைக் கம்ப்யூட்டர்களில் ஆறாம் பதிப்பு பிறவியிலேயே விழித்திருக்கிறது. ஆபீசார் அறியாமலே யந்திரங்கள் உள்ளுக்குள் அந்தப் பாஷையில் முணுமுணுக்கின்றன. கூர்க்கா முன்வாசலில் நிற்கிறார். கொல்லைக் கதவு ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. விலாசம் விசாரிக்கும் சில்லறைத் தகவல்களை முழுவதும் தடுத்துவிடுவது பழைய காவலர்களின் வழக்கம். ஆறாம் பதிப்பில் அப்படிச் செய்தால் வினை. பார்சல் பெரிதாக இருந்தால் நடுவழி ரவுட்டர் அதைப் பிரித்துக் கட்டாது. 'பெரிதாக இருக்கிறது, சிறிதாகக் கட்டி அனுப்பு' என்று அனுப்பியவருக்கே தகவல் சொல்லும். அந்தத் தகவலைக் கூர்க்கா வாசலிலேயே கிழித்துப் போட்டால்? சின்னக் கடிதமெல்லாம் போகும். பெரிய தஸ்தாவேஜு மட்டும் போகாது. காரணம் தெரியாமல் ஆபீஸ் முழுவதும் தலையைப் பிய்த்துக்கொள்ளும்.

எங்கே தொடங்குவது? வெளியார் வந்து தட்டும் கதவிலிருந்து என்பதே அனுபவஸ்தர்கள் சொல்லும் வழி. முதலில் பாங்கின் வலைத்தளம், கடிதப் போக்குவரத்து. பிறகு உள்ளே. புது விலாசத்தை ஊருக்கு அறிவிக்கும் முன், அந்த விலாசத்தில் ஆள் இருக்கிறாரா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பலகையை மாட்டிவிட்டுக் கடையைத் திறக்காமல் இருந்தால் வந்தவர் காத்து நிற்பார். இனி வாங்கும் ஒவ்வொரு சாமானின் ஒப்பந்தத்திலும் 'ஆறாம் பதிப்பு தெரிந்திருக்க வேண்டும்' என்று ஒரு வரி சேர்த்துவிட்டால், பழையன தாமாகக் கழியும். இந்த ஒரு வரியை எழுதாமல் பத்து வருஷம் ஓட்டிய ஆபீசுகள்தான் பின்னால் மொத்தமாகப் பணம் தேட நேரிடும்.

பிலடெல்பியாவில் ஒரு மணி நேரம்

எல்லாம் ஆயிற்று என்று நினைத்த பிறகு என்ன? போஸ்டல் செய்ததைத்தான் செய்ய வேண்டும். பழையதை நிறுத்திப் பார்க்க வேண்டும்.

இன்டர்நெட் விதிகளை வகுக்கும் எஞ்சினீயர்களே அப்படிச் செய்தார்கள். 2008 மார்ச்சில் பிலடெல்பியா நகரில் அவர்களுடைய மகாநாடு. நடுவில் ஒரு மணி நேரம் நான்காம் பதிப்பை அணைத்தார்கள். ஆறாம் பதிப்பு மட்டும்! விதியை எழுதியவர்கள் கூடிய சபையிலேயே சிலருக்குக் கம்ப்யூட்டர் வழிக்கு வரவில்லை. அன்று பார்க்க ஏதாவது இருக்க வேண்டுமே என்று கூகிள் தன் ஆறாம் பதிப்புத் தளத்தை அந்தச் சமயத்தில்தான் திறந்தது.

2016 ஜூன் 1 முதல் ஆப்பிள் கம்பெனி வேறு விதமாக ஸ்விட்சைத் திருகியது. ஆறாம் பதிப்பு மட்டும் உள்ள இணைப்பில் வேலை செய்யாத ஆப் எதையும் தன் கடையில் வைக்க மாட்டேன் என்றது. சர்க்கார்கள் பத்து வருஷம் கெஞ்சியும் அசையாத பல புரோகிராம் எழுத்தாளர்கள் சட்டென்று விழித்துக்கொண்டார்கள்.

செல்போன் முந்திக்கொண்டது

இந்தியாவில் நடந்தது விசித்திரம். 2016 செப்டம்பரில் ஜியோ சேவை தொடங்கியபோது அவ்வளவு கோடிப் பேருக்குப் பழைய விலாசம் வாங்க வழியில்லை. ஆகவே தொடக்கம் முதலே ஆறாம் பதிப்பைக் கொடுத்தார்கள். மற்றக் கம்பெனிகளும் பின்தொடர்ந்தன. இன்று கூகிள் கணக்குப்படி உலகத்தில் அதன் தளத்துக்கு ஆறாம் பதிப்பில் வருகிறவர்கள் பாதிப் பேரை ஒட்டி இருக்கிறார்கள். இந்தியாவில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல்! கீரைக்காரம்மாள் கையில் உள்ள செல்போன் மாறிவிட்டது. அவர் பணம் போட்டு வைத்திருக்கும் ஆபீஸ் மாறிவிட்டதா?

மாறாவிட்டாலும் இன்றைக்கு வேலை நடக்கும். டெலிபோன் கம்பெனியின் மொழிபெயர்ப்பு யந்திரம் நடுவில் நின்று ஒப்பேற்றிவிடும். ஆனால் அந்த ஆபீசின் பார்வையில் கீரைக்காரம்மாளும், அவரைப் போன்ற ஆயிரம் பேரும், அவர்களுக்குள் ஒளிந்திருக்கும் ஒரு திருடனும் ஒரே கதவு எண்தான்.

செக் நாட்டு சர்க்கார் மட்டும் 1983-ஐப் போலத் துணிந்து ஒரு தேதி குறித்திருக்கிறது. 2024 ஜனவரியில் எடுத்த முடிவு இது. 2032-ம் வருஷம் ஜூன் 6-ந் தேதி முதல் அந்த நாட்டு சர்க்கார் சேவைகள் எதுவும் பழைய விலாசத்தில் கிடைக்காது. எட்டு வருஷத்துக்கு மேல் அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். போஸ்டல் கொடுத்தது ஒரு வருஷத்துக்குச் சற்று அதிகம்.